மெசின் தகட்டில் எழுதியிருக்கும் வரலாறு

கொஞ்சம் நீண்ட பதிவு. மெசின் வைத்துத் தொழில் செய்பவர்களும், வெளிநாட்டிலிருந்து சாமான் கொண்டு வர இருப்பவர்களும் நேரம் ஒதுக்கி வாசியுங்கள்.

எங்களிடம் படித்த ஒருவர் ஊரில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். கதவு, நிலை, கட்டில் செய்வார். கையால் சீவிச் சீவி முதுகு நொந்து, கடைசியில் மனைவியின் நகையை அடகு வைத்து, ஜப்பானில் பாவித்த பலகை சீவும் மெசின் ஒன்றை வாங்கினார். நல்ல இரும்பு, நல்ல பிளேட், மூன்று பேஸ் மோட்டர். பட்டறைக்கும் மூன்று பேஸ் கரண்ட் எடுத்திருந்தார். வயர் கொடுக்க வந்த தம்பியும் எங்கள் மாணவர்தான். இருவரும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு.

“மூன்று பேஸுக்கு மூன்று பேஸ்தானே” என்று நேரே கொடுத்துவிட்டார்கள். சுவிட்சைப் போட்டதும் பிரேக்கர் விழுந்தது. பிரேக்கர் சிறிது என்று நினைத்து அதைவிடப் பெரியதைப் போட்டார்கள். இரண்டாம் தடவை மோட்டர் உறுமியது. ஒரு நிமிடத்துக்குள் புகை. மோட்டர் கொயிலும் கருகியது, மெக்னெட்டிக் சுவிட்சின் கொயிலும் கருகியது.

நாங்கள் போய்ப் பார்த்தபோது மோட்டரின் தகட்டில் எல்லாம் தெளிவாக இருந்தது: 200 வோல்ற்று, மூன்று பேஸ். எங்கள் நாட்டு மூன்று பேஸ் 400 வோல்ற்று. இரண்டு மடங்கு.

பட்டறைக்காரத் தம்பி எங்களிடம் கேட்ட கேள்வி இதுதான்: “ஏன் சேர், உலகம் முழுக்க ஒரே கரண்டாக வைத்திருந்தால் என்ன? யார் இப்படிப் பிரித்தது?”

நியாயமான கேள்வி. அன்று எங்களால் முழுப் பதிலும் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு தேடி வாசித்ததை இங்கே எழுதுகிறோம்.

*

கதை நியூயோர்க்கில் தொடங்குகிறது. 1882 செப்டெம்பர் 4ஆம் திகதி பேர்ல் வீதியில் எடிசனின் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அது நேரோட்டம். அளவு ஏறத்தாழ 110 வோல்ற்று. அன்றைய கரி இழை விளக்குகள் தாங்கக்கூடிய அளவு அதை ஒட்டித்தான் இருந்தது. விளக்குக்காக ஏற்பட்ட அந்த அளவு, பிறகு அமெரிக்காவில் விசிறிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் பட்டறைத் துளை கருவிக்கும் வழியாகிவிட்டது. ஜப்பான் வீடுகளில் இன்றும் இருக்கும் 100 வோல்ற்றும் அந்தக் காலத்தின் எச்சம்தான்.

குறைந்த வோல்ற்றளவில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே வலுவை அனுப்ப அதிக மின்னோட்டம் தேவை. அதற்குத் தடித்த செப்புக் கம்பி தேவை. வோல்ற்றளவை இரண்டு மடங்காக்கினால் மின்னோட்டம் பாதியாகும். கம்பியில் வெப்பமாகப் போகும் இழப்பு நான்கில் ஒன்றாகும். அதாவது முன்னைய அதே இழப்பு போதும் என்றால், செம்பு நான்கில் ஒரு பங்கு போதும். இந்தக் கணக்கை பெர்லின் மின் கம்பனி போட்டுப் பார்த்தது. 1899இல் தன் பாவனையாளர்களை 220 வோல்ற்றுக்கு மாற்றத் தொடங்கியது. ஐரோப்பாவின் மற்றைய நகரங்களும் மெல்ல மெல்ல அந்த வழிக்கு வந்தன. அமெரிக்காவிலோ அதற்குள் 110 வோல்ற்று விளக்குகளும் கருவிகளும் ஏராளமான வீடுகளுக்குள் போய்விட்டன. எல்லாவற்றையும் எறிந்துவிட்டு மாறுவதற்கு யாரும் தயாரில்லை.

இதற்கிடையில் ஆடலோட்டம் வந்தது. 1885இல் புடாபெஸ்டில் கான்ஸ் தொழிற்சாலையின் சிப்பர்னோவ்ஸ்கி, பிளாத்தி, டேரி என்ற மூன்று பொறியியலாளர்கள் நடைமுறைக்கு உதவும் நிலைமாற்றியைச் செய்து காட்டினார்கள். வோல்ற்றளவைக் கூட்டவும் குறைக்கவும் வழி பிறந்தது. 1888இல் டெஸ்லாவின் தூண்டல் மோட்டருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதை வெஸ்டிங்ஹவுஸ் வாங்கினார். ஜேர்மனியின் ஏ.ஈ.ஜி. கம்பனியில் டொலிவோ டொப்ரோவொல்ஸ்கி மூன்று பேஸ் மோட்டரை உருவாக்கினார். 1891இல் லௌஃபனிலிருந்து பிராங்பேர்ட் வரை ஏறக்குறைய 175 கிலோமீற்றருக்கு மூன்று பேஸ் மின்சாரத்தை அனுப்பிக் காட்டினார்கள். இன்று எங்கள் அரிசி ஆலையில் ஓடும் மோட்டரும், பட்டறையில் கருகிய மோட்டரும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்.

ஆடலோட்டத்தோடு இன்னோர் எண்ணும் வந்தது. அதுதான் மீடிறன். மின்னோட்டம் ஒரு செக்கனில் எத்தனை தடவை முன்னும் பின்னுமாக ஆடி முடிக்கிறது என்பது. ஆரம்பத்தில் ஆளுக்கொரு எண் வைத்திருந்தார்கள். லௌஃபன் வழியில் 40. நயாகரா நீர்வீழ்ச்சியில் 25. கடைசியில் அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் பிடித்த 60உம், ஜேர்மனியில் ஏ.ஈ.ஜி. பிடித்த 50உம் நிலைத்தன.

பிரித்தானியாவிலேயே ஒற்றுமை இருக்கவில்லை. பர்மிங்ஹாமில் 25, இங்கிலாந்தின் வடகிழக்கில் 40 என்று ஊருக்கு ஊர் வேறு. 1926இல் சட்டம் கொண்டு வந்து, தேசிய மின்வலையமைப்பைக் கட்டி, 50 என்ற ஒரே எண்ணுக்குள் நாட்டைக் கொண்டு வந்தார்கள். செலவு பெரிது. ஆனால் அன்று செய்தபடியால் முடிந்தது.

*

அன்று செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானே உதாரணம். எங்கள் தம்பியின் மெசின் வந்த நாடு.

1895இல் டோக்கியோ மின்விளக்குக் கம்பனி தனது அசகுசா நிலையத்துக்கு ஜேர்மனியின் ஏ.ஈ.ஜி. மின்பிறப்பாக்கிகளை வாங்கியது. அவை 50 ஹேர்ட்ஸ். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஒசாகாவிலுள்ள கம்பனி அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ட்ரிக்கிடமிருந்து வாங்கியது. அவை 60 ஹேர்ட்ஸ். இரண்டு வியாபாரிகள், இரண்டு கொள்வனவுகள். அவ்வளவுதான் நடந்தது. டோக்கியோவைச் சுற்றி 50 வளர்ந்தது, ஒசாகாவைச் சுற்றி 60 வளர்ந்தது. ஃபூஜி ஆற்றையும் இதோயிகாவா நகரையும் ஒட்டிய ஒரு கோட்டில் இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. ஒன்றாக்க வேண்டும் என்று பலமுறை பேசினார்கள். மாற்ற வேண்டிய மெசின்களின் தொகையைப் பார்த்து ஒவ்வொரு முறையும் பின்வாங்கினார்கள்.

1965இல் சகுமா என்ற இடத்தில், 50ஐ 60ஆகவும் 60ஐ 50ஆகவும் மாற்றும் நிலையத்தைக் கட்டினார்கள். 300 மெகாவாற்று. ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கி, மறுபடி மற்ற மீடிறனில் ஆடலோட்டமாக்குவது அதன் வேலை. பிறகு இன்னும் இரண்டு நிலையங்கள் வந்தன.

2011 மார்ச் 11ஆம் திகதி நிலநடுக்கமும் சுனாமியும் வந்து, புக்குஷிமா உட்படக் கிழக்கின் பல மின் நிலையங்கள் நின்றன. மேற்கு ஜப்பானில் மின்சாரம் இருந்தது. ஆனால் கிழக்குக்கு அனுப்பும் வாசல் சிறியது. மூன்று நிலையங்களும் சேர்ந்தே சுமார் 1,000 மெகாவாற்றுத்தான் கடத்த முடிந்தது. டோக்கியோப் பகுதி மக்கள் முறை வைத்து இருட்டில் இருந்தார்கள். சுனாமி என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்த அழிவின் மேல், 116 வருடத்துக்கு முந்திய ஒரு கொள்வனவும் வந்து சுமையாகியது. 2021இல்தான் புதிய நிலையம் ஒன்றைச் சேர்த்து 2,100 மெகாவாற்றுக்கு உயர்த்தினார்கள்.

*

இனி எங்கள் நாடு. டோக்கியோ ஜேர்மன் மெசின் வாங்கிய அதே 1895இல், கொழும்புக் கோட்டையில் பூஸ்டெட் சகோதரர்கள் கம்பனி மின்சாரம் வழங்கத் தொடங்கியது. நாங்கள் பிரித்தானியக் குடியேற்றம். ஆகவே பொறியியலாளரும் மெசினும் விதிமுறையும் அங்கிருந்தே வந்தன. விமலசுரேந்திர 1918இலேயே நீர்மின் திட்டத்தை முன்வைத்தார். லக்சபான நிலையம் 1950இல்தான் இயங்கியது. 50 ஹேர்ட்ஸும், ஒற்றைப் பேஸுக்கு 230, மூன்று பேஸுக்கு 400 என்பதும் எங்கள் அளவு. 1983இல் சர்வதேச மின் தொழில்நுட்ப ஆணைக்குழு 230/400 என்பதைப் பொது அளவாக அறிவித்தது. ஆகவே இந்தியாவின் 415, சீனாவின் 380, இங்கிலாந்தின் 415 என்று தகட்டில் இருக்கும் மெசின்கள் இங்கே பெரும்பாலும் தொல்லையில்லாமல் ஓடுகின்றன. எல்லாம் ஒரே 50 ஹேர்ட்ஸ் குடும்பம். வோல்ற்றளவும் அண்ணளவாக ஒன்று.

ஆனால் எங்கள் ஊர்களுக்குச் சாமான் வந்த வழி இங்கிலாந்து மட்டுமல்லவே. எங்கள் வாப்பாமாரும் காக்காமாரும் சவூதி போனார்கள். அங்கே எண்ணெய் எடுக்க வந்தது அமெரிக்கக் கம்பனி. அதனால் 60 ஹேர்ட்ஸ். வோல்ற்றளவு நெடுங்காலம் 127/220. 2010க்குப் பிறகுதான் 230/400க்கு மாறத் தொடங்கினார்கள். 60 ஹேர்ட்ஸ் அப்படியே இருக்கிறது. பக்கத்திலுள்ள கட்டாரும் குவைத்தும் டுபாயும் பிரித்தானியச் செல்வாக்கில் 50 ஹேர்ட்ஸ். ஒருவர் டுபாயிலிருந்து கொண்டு வந்த துளை கருவி வருடக்கணக்கில் ஓட, மற்றவர் சவூதியிலிருந்து கொண்டு வந்தது முதல் நாளே கருகியதை ‘ராசி’ என்று பேசிக்கொண்டோம். பெட்டிக்குப் பின்னால் 110 என்றோ 127 என்றோ எழுதியிருந்ததைப் பார்த்தவர் குறைவு. பிளக்கை மாற்றினால் போதும் என்று நினைத்தோம். பிளக் மாறும், கரண்ட் மாறாது.

ஒரு சிறு கணக்கு. 100 வோல்ற்றில் ஓடும் சூடாக்கி ஒன்றை 230இல் போட்டால் 2.3 மடங்கு வெப்பம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். இல்லை. வோல்ற்றளவு கூடும்போது மின்னோட்டமும் கூடும். 2.3ஐ 2.3ஆல் பெருக்குங்கள்: 5.29. 1,000 வாற்றுச் சூடாக்கி கருகும் வரைக்கும் 5,000 வாற்றைத் தாண்டி இழுக்கும்.

வோல்ற்றளவை நிலைமாற்றி சரிசெய்யும். மீடிறனை நிலைமாற்றி தொடவே தொடாது. 60ஆகப் போனது 60ஆகவே வரும், 50 ஆனால் 50. பலர் தவறுவது இங்கேதான். மோட்டரின் வேகத்தைத் தீர்மானிப்பது மீடிறன். நான்கு முனைவு மோட்டர் 60 ஹேர்ட்ஸில் நிமிடத்துக்கு 1,800 சுற்றை ஒட்டி ஓடும். 50இல் 1,500ஐ ஒட்டி. ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். சீவும் மெசினில் பலகையின் மழமழப்பு குறையும். அத்தோடு, 60க்கு மட்டும் செய்த மோட்டரை அதே வோல்ற்றளவில் 50இல் ஓட்டினால் இரும்பில் காந்தப் பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடி, சும்மா ஓடும்போதே சூடேறும்.

ஜப்பான் மெசின்களில் ஒரு நன்மை உண்டு. நாடே இரண்டாகப் பிரிந்திருப்பதால், அங்கே செய்யும் பல மோட்டர்களின் தகட்டில் 50க்கு ஒரு வரி, 60க்கு ஒரு வரி என்று இரண்டும் இருக்கும். 1895இல் தொடங்கிய அந்தக் குழப்பம், இங்கே எங்களுக்கு உதவியாக வந்து சேர்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது பணத்தைவிடப் பெரியது. வயர் நிறம். பழைய பிரித்தானிய முறையில் சிவப்பு உயிர்வயர், கறுப்பு நொதுமல். எங்கள் பழைய வீடுகளில் இன்றும் அப்படித்தான். அமெரிக்க, ஜப்பானிய முறையில் ஒற்றைப் பேஸ் கருவியில் கறுப்புத்தான் உயிர்வயர்; வெள்ளை நொதுமல். எங்கள் பழக்கத்தில் கறுப்பை நொதுமலில் கொடுத்தால் மெசின் ஓடும், ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் சுவிட்ச் இப்போது நொதுமலை வெட்டுகிறது. சுவிட்சை நிறுத்திய பிறகும் உள்ளே கரண்ட் நிற்கும். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் அப்படி ‘நிறுத்திய’ கிரைண்டரைத் திறந்து காபன் மாற்றப் போய் அடிபட்டார். அல்ஹம்துலில்லாஹ், கை உதறி விலகி விழுந்தபடியால் உயிர் தப்பியது.

*

மீண்டும் பட்டறைக்கு வருகிறோம்.

மோட்டர் கருகியதோடு இரண்டு நண்பர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நட்டத்தை யார் கட்டுவது? ஒரு நாள் அஸருக்குப் பிறகு இருவரையும் பட்டறைத் திண்ணையில் இருத்தினோம். வைண்டிங் செய்யும் காக்கா ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனோம்.

அவர் மோட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எப்படியும் புதுக் கொயில் சுற்றத்தானே வேணும். 200க்கு ஏன் சுற்றுவான்? நம்மட 400க்கே சுற்றித் தாறன்.”

அந்த வார்த்தையோடு பாரம் இறங்கியது. சுற்று இரண்டு மடங்கு, கம்பியின் குறுக்குப் பரப்புப் பாதி. செம்பின் நிறை ஏறத்தாழ அதேதான். பெரிய நிலைமாற்றி தேவையில்லை. மெக்னெட்டிக் சுவிட்சுக்கு எங்கள் வோல்ற்றளவுக்குரிய புதுக் கொயில் போட்டார்கள். ஓவர்லோட் ரிலேயும் மாற்றினார்கள், ஏனென்றால் மின்னோட்டம் இப்போது பாதி. வேகம் குறைவதற்கு மோட்டர்ப் புளியை அளந்து ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் பெரிதாக்கினார்கள். செலவை இருவரும் பாதிப் பாதி ஏற்றார்கள். மெசின் ஓடுகிறது. நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது. ஆனால் மீட்கும் வழி திறந்திருக்கிறது.

திண்ணையில் இருந்து எழும்பும்போது எங்களுக்கும் ஒன்று உறைத்தது. இந்த இரண்டு பேருக்கும் நிலைமாற்றிச் சமன்பாட்டைக் கற்பித்தது நாங்கள்தான். முதன்மைச் சுற்று, துணைச் சுற்று, விகிதம். இருவரும் விஞ்ஞானத்தில் சித்தியடைந்தவர்கள். ஆனால் பதினொரு வருடப் பள்ளிக்கூடத்தில் ஒரு மோட்டர்த் தகட்டை அவர்கள் கையில் கொடுத்து “இதை வாசி” என்று நாங்கள் ஒரு தடவையும் சொல்லவில்லை. அந்த நட்டத்தில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. இந்தத் தவணையிலிருந்து அந்தக் கருகிய தகட்டின் படத்தை வகுப்பில் தொங்கவிட்டிருக்கிறோம்.

தொழில் செய்பவர்களுக்காகச் சுருக்கமாக:

1. பணம் கொடுப்பதற்கு முன் தகட்டின் படத்தைக் கேளுங்கள். வோல்ற்றளவு, பேஸ், ஹேர்ட்ஸ், அம்பியர் நான்கும் தெரிய வேண்டும்.

2. ஒற்றைப் பேஸ் 100, 110, 120 வோல்ற்றுக் கருவிக்கு நிலைமாற்றி வேண்டும். மோட்டர் தொடங்கும்போது பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். சரிமட்டமான அளவில் வாங்காதீர்கள், கூட்டி வாங்குங்கள்.

3. மூன்று பேஸ் 200 வோல்ற்று மோட்டருக்கு மூன்று வழிகள்: 400ஐ 200ஆக்கும் மூன்று பேஸ் நிலைமாற்றி, 400க்குக் கொயில் சுற்றுதல், சிறிய மோட்டரானால் மோட்டர் இன்வேட்டர். இந்த இன்வேட்டர் வீட்டு 230 ஒற்றைப் பேஸை வாங்கி மூன்று பேஸாகக் கொடுக்கும். மீடிறனையும் நாங்களே வைக்கலாம். சகுமாவில் பெரிய கட்டடத்துக்குள் செய்த அதே வேலையை இன்று கையில் தூக்கும் பெட்டி செய்கிறது. சோலாருக்குப் போடும் இன்வேட்டர் வேறு. ஒற்றைப் பேஸ் மோட்டருக்கு இது பொருந்தாது.

4. மோட்டரை மட்டும் பார்த்து நிற்காதீர்கள். மெக்னெட்டிக் சுவிட்சின் கொயில், ரிலே, உள்விளக்கு எல்லாவற்றுக்கும் தனித்தனி வோல்ற்றளவு உண்டு.

5. வயரின் நிறத்தை நம்பாதீர்கள். மீற்றரால் அளந்து பாருங்கள். புவி வயரை ஒருபோதும் வெட்டி விடாதீர்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாத பட்டறையில் மெசின் பூட்டாதீர்கள். திறக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள்.

6. பிரேக்கர் விழுந்தால் காரணத்தைத் தேடுங்கள். பெரிய பிரேக்கர் போடாதீர்கள். எங்கள் தம்பிமாருக்கு அந்த மெசின் முதல் தடவையிலேயே சொல்லியிருந்தது.

7. தகுதியுள்ள மின்னியலாளரைக் கூப்பிடுங்கள். அவரிடமும் தகட்டைக் காட்டுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகளே, ஊருக்குச் சாமான் அனுப்ப முன்னர் பெட்டியைத் திருப்பி ஒரு தடவை பாருங்கள். சந்தேகம் இருந்தால் தகட்டின் படத்தை எங்களுக்கு அனுப்புங்கள்; தெரிந்ததைச் சொல்வோம், தெரியாவிட்டால் வைண்டிங் காக்காவிடம் கேட்டுச் சொல்வோம்.